அப்ளிக் குவில்ட் சொதப்பினால்: எதைப் பிரிப்பது, எதை விடுவது

பிரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் கத்தரியைக் கீழே வையுங்கள். தைத்துக்கொண்டிருப்பதைத் தரையில் விரித்து, குப்புறத் திருப்பி, பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். கையால் தைக்கிற அப்ளிக்கில் முன்பக்கம் தெரிகிற கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில் பிறந்ததாக இருக்காது. துணியை நனைக்காமல் வெட்டிய அன்றைக்கோ, அடித்துணியைச் சரியாக அளவுக்கே கத்தரித்த அன்றைக்கோ அது பிறந்திருக்கும், ஊசி ஓடும்போதுதான் வெளியே வரும். இது தெரியாமல் நான் ஒரு தாமரையை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். மூன்று தடவையும் அதே சுருக்கம்தான் வந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. ஒரு அடித்துணியின் மேல் இன்னொரு துணியைப் பூவாக, இலையாக, பறவையாக வெட்டி வைத்து ஓரத்தை மடக்கித் தைப்பது அப்ளிக். அப்படித் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால் குவில்ட். நான் தைப்பது 4 அடிக்கு 5 அடி, பிள்ளைகள் போர்த்துகிற அளவு. பூ, இலைக்கெல்லாம் வடசேரியில் எடுத்த டூ பை டூ பிளவுஸ் பிட், அடித்துணிக்கு வெளுத்த காடா, கீழே அப்பாவின் பழைய சாரம், அதாவது கைலி. தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் ஆனி, ஆடிச் சாரலில் வெளியே போக முடியாத நாட்களில்தான் இந்த வேலை நடக்கும், அதனால் ஈரத்தால் வருகிற தொல்லைகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

பூவைச் சுற்றி அடித்துணி சுருங்கி, அலை அலையாக நிற்கிறது

எல்லோருக்கும் வருவது இது. முதலில் சுருக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சுருக்கம் தையல் கோட்டை ஒட்டி மட்டும், சின்னச் சின்னக் கொசுவம் மாதிரி இருந்தால் நூலை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தையலுக்கும் நூல் துணியில் படிந்தால் போதும், அதற்கு மேல் ஒரு சுண்டு சுண்டுவது பிளவுஸுக்கு ஹெம்மிங் போட்டுப் பழகிய கையின் பழக்கம். இதற்குப் பிரிக்க வேண்டாம். பின்பக்கம் திருப்பி, நாலு தையலுக்கு ஒரு தடவை ஊசி முனையால் நூலை லேசாகத் தூக்கிக் கொடுங்கள். அப்புறம் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தால் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

பூவுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி அடித்துணி தளர்ந்து நிற்கிறது, பூ மட்டும் இறுக்கமாக இருக்கிறது என்றால் காரணம் வேறு. பூத்துணியும் அடித்துணியும் ஒரே போக்கில் இல்லை. துணியைப் பாவு நூல் ஓடும் பக்கம், அதாவது நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது; மூலைவாட்டில், அதாவது கிராஸில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். கிராஸாக வெட்டிய பெரிய பூவை நேர்த்துணியில் வைத்துத் தைக்கும்போது கை தன்னால் அதை இழுத்துவிடும், விட்டதும் அது சுருங்கப் பார்க்கும், அடித்துணியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். பெரிய துண்டுகளுக்குப் பாவு நேரை அடித்துணியின் நேரோடு சேர்த்து வையுங்கள். சின்ன இலைகளை மட்டும் வேண்டுமென்றே கிராஸில் வெட்டுவேன், ஏனென்றால் கிராஸ் ஓரம் வளைவில் சொன்னபடி மடங்கும், பிசிறும் குறைவு.

மூன்றாவது காரணம், துணியை நனைக்காதது. பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். நனைத்த பூவும் நனைக்காத காடாவும் சேர்ந்தால் தைக்கும்போது ஒன்றும் தெரியாது, முதல் தடவை துவைத்ததும் பூக்கள் எல்லாம் பப்படம் மாதிரி உப்பி நிற்கும். இதற்கு மருந்து இல்லை. பஞ்சு வைத்துக் குவில்ட் ஆக்கிவிட்டால் ஓட்டுத்தையலின் மேடு பள்ளத்தில் கொஞ்சம் மறையும், அவ்வளவுதான். அடுத்த தடவை கடையிலிருந்து வந்த துணியை அன்றைக்கே வெந்நீரில் முக்கிக் காயப்போட்டுவிட்டு அலமாரிக்கு அனுப்புங்கள்.

என் தாமரையில் இருந்தது இரண்டாவது. நூலை எவ்வளவு தளர்த்தித் தைத்தாலும் சுருங்கியது. பூத்துணியைக் கிராஸாக வெட்டியிருந்தேன், துண்டு மிச்சப்படுத்துகிற ஆசையில்.

இலையின் நுனி கூர்மையாக வரவில்லை, மொண்ணையாக இருக்கிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், கை பழக வேண்டிய இடம் இதுதான்.

நுனி மொண்ணையாவதற்குக் காரணம் உள்ளே மூன்று மடிப்புத் துணி ஒரே இடத்தில் குவிவது. இடது ஓரம், நுனி, வலது ஓரம் மூன்றுக்கும் மடக்குவதற்காக விட்ட தையல்விளிம்பு அந்த அரிசி அளவு இடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கால் அங்குலம் விட்டிருந்தால் சேராது. நுனிக்கு அரை அங்குலம் முன்னால் வரும்போதே தையல்விளிம்பைக் கால் அங்குலத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இப்போது செய்முறை. இலையின் இடது ஓரத்தை மடக்கித் தைத்துக்கொண்டே சரியாக நுனிப் புள்ளி வரைக்கும் போங்கள், ஒரு தையல் முன்னாலேயே நிறுத்திவிடாதீர்கள். நுனியில் அதே இடத்தில் இரண்டு தையல் போடுங்கள். இப்போது துணியைத் திருப்பிப் பிடித்தால் தைத்த பக்கத்து விளிம்பு, நாய்க்காது மாதிரி வலது பக்கம் எட்டிப் பார்க்கும். அதை மட்டும் கத்தரி நுனியால் வெட்டுங்கள், தையலுக்கு இரண்டு நூல் தள்ளி. அடுத்து ஊசியைப் படுக்கையாகப் பிடித்து, நுனித்துணியை முதலில் நேராகக் கீழே உள்ளே தள்ளுங்கள், அப்புறம் அதே ஊசியால் வலது ஓரத்தை வலமிருந்து இடமாகப் பெருக்குகிற மாதிரி உள்ளே வாரிக்கொள்ளுங்கள். இடது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்து, தைத்த நூலை நுனியின் போக்கில் லேசாக ஒரு இழுப்பு. நூல் இழுக்கக் கூடாது என்று மேலே சொன்னேன், இந்த ஒரு இடம் விதிவிலக்கு: அந்த இழுப்பில்தான் உள்ளே மடங்கிய நுனி வெளியே கூர்மையாக வந்து நிற்கும். அடுத்த தையலை நுனிக்கு மிக அருகில், ஒரு நூலிழை இடைவெளியில் போடுங்கள்.

ஊசியிலிருந்து துணி வழுக்கினால் ஊசியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு வாருங்கள். பல்குத்துகிற மரக்குச்சி இன்னும் நன்றாகப் பிடிக்கும், அதன் சொரசொரப்புக்கு.

ஏற்கெனவே மொண்ணையாகத் தைத்து முடித்த இலைகளா? விடுங்கள். நுனியிலிருந்து எம்பிராய்டரி நூலில் அரை அங்குலத்துக்கு ஒரு நரம்பு இழுத்துவிட்டால் கண் அதைத்தான் நுனி என்று எடுத்துக்கொள்ளும்.

பூவிதழ் இரண்டும் சேர்கிற உள்மூலையில் பிசிறு வருகிறது

உள்மூலையில் வெட்டுக் கொடுக்காமல் துணி மடங்காது, வெட்டுக் கொடுத்தால் மடக்கத் துணி இருக்காது. வெட்டை மடிப்புக்கோட்டுக்கு இரண்டு நூல் முன்னால் நிறுத்துங்கள். அதுவும் முன்கூட்டியே எல்லா மூலைகளையும் வெட்டி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், தைத்துக்கொண்டே வந்து அந்த மூலைக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது வெட்டினால் போதும். மூலையில் மட்டும் நெருக்கமாக நாலைந்து தையல். பிசிறு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் துணிப் பசையை ஊசி முனையில் எடுத்து ஒரு பொட்டு வைத்து உள்ளே தள்ளித் தையுங்கள். ஃபேவிக்விக் கூடாது, காய்ந்ததும் கல்லாகிவிடும், ஊசி உள்ளே போகாது.

வெளிவளைவுகளுக்கு வெட்டே வேண்டாம். பலர் வட்டத்தைச் சுற்றிலும் சடசடவென்று வெட்டிவிட்டு, அப்புறம் வட்டம் எண்கோணமாக வருகிறது என்கிறார்கள். வெட்டின இடத்திலெல்லாம் ஒரு மூலை முளைக்கும்.

வட்டத்துக்கு நான் செய்வது: கல்யாணப் பத்திரிகை அட்டையில் வட்டம் வெட்டிக்கொள்வேன், துணியை அதைவிடக் கால் அங்குலம் பெரிதாக வெட்டி ஓரத்தைச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு, அட்டையை உள்ளே வைத்து நூலை இழுத்தால் சுருக்குப்பை மாதிரி மூடிக்கொள்ளும். ஓரத்தில் கெட்டியான கஞ்சி தொட்டு இஸ்திரி போட்டு, ஆறியதும் நூலைத் தளர்த்தி அட்டையை எடுத்துவிடலாம். கஞ்சிக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவு அருமையாக விறைக்கும். அட்டையில் தங்க எழுத்து இருக்கிற பக்கம் துணியில் படக் கூடாது, சூட்டில் மணமகன் பெயர் உங்கள் பூவில் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரே ஃபிலிமில் வடிவ அச்சு வெட்டலாம் என்று சொல்வார்கள், வரைவதற்கு நல்லது, இஸ்திரிக்கு ஆகாது, சுருண்டு போகும்.

தையல் வெளியே தெரிகிறது

நூலின் நிறத்தை அடித்துணிக்குப் பொருத்தியிருப்பீர்கள். மேலே வைக்கிற துண்டுக்குத்தான் பொருத்த வேண்டும். சிவப்பு அரளிக்குச் சிவப்பு நூல், பச்சை இலைக்குப் பச்சை. சரியான நிறம் கிடைக்காவிட்டால் வெளிறினதை விட ஒரு படி கறுத்த நூல் மேல்.

அப்புறம் தையலின் சாய்வு. ஊசி அடித்துணியிலிருந்து மேலே வந்து மடிப்பின் விளிம்பில் இரண்டு நூலிழையை மட்டும் பிடிக்க வேண்டும், திரும்ப இறங்கும்போது வந்த இடத்துக்கு நேராக எதிரே, மடிப்புக்கு அடியில் இறங்க வேண்டும். முன்னேற்றமெல்லாம் பின்பக்கம். முன்பக்கத்திலேயே முன்னேறினால் சாய்வான கோடு கோடாகத் தெரியும். அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் வந்தால் போதுமானது. ஊசி பத்தாம் நம்பர், எண் கூடக்கூட ஊசி மெல்லிசாகும். சாக்கு தைக்கிற மாதிரி ஊசியை வைத்துக்கொண்டு தையல் மறையவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சாக்குச் சொல்ல முகம் இல்லை. லண்டன் மிஷன் ஆட்கள் வழியாக 1820-களிலேயே நாகர்கோவிலில் லேஸ் பின்னல் வந்துவிட்டது, அதன் பின்னாலேயே எம்பிராய்டரியும் வந்தது. பாட்டிகளின் கைக்குட்டைகளை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், முன்பக்கம் எது என்று சந்தேகம் வரும்.

நூல் முறுக்கிக்கொள்கிறது, பாதியில் அறுகிறது

நூல் நீளம். முழங்கை அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு நூல் எடுத்தால், கடைசி அரைப் பாகம் அத்தனை தடவை துணிக்குள் போய் வந்து பஞ்சாகியிருக்கும். ரீலிலிருந்து முதலில் வெளியே வருகிற முனையை ஊசியில் கோத்து, வெட்டின முனையில் முடிச்சுப் போடுங்கள். தேன்மெழுகு ஒரு துண்டு வைத்துக்கொண்டு நூலை அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் முறுக்காது. மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன இடம், தேனீ வளர்க்கிறவர்களிடம் கேட்டால் மெழுகும் கிடைக்கும். வெள்ளைத் துணிக்கு மட்டும் மெழுகு பூசிய நூலைத் தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் கறை நிற்கும்.

வெள்ளைப் பூவுக்குள் அடித்துணியின் நிறம் தெரிகிறது

கரும்பச்சை மேல் வெள்ளைப் பூ வைத்தால் வெள்ளை சாம்பலாகத் தெரியும், மடக்கின விளிம்பு மட்டும் இரட்டையாகப் பளிச்சென்று ஒரு வளையம் போடும். இரண்டு வழி. தைப்பதற்கு முன்னால் என்றால், பூவின் வடிவத்திலேயே விளிம்பு விடாமல் இன்னொரு வெள்ளைத் துண்டு வெட்டி அடியில் வைத்துத் தையுங்கள். தைத்து முடித்த பிறகு என்றால், பின்பக்கம் திருப்பி, பூவுக்கு அடியில் இருக்கிற பச்சைத் துணியைக் கிள்ளித் தூக்கி, சின்ன வெட்டுக் கொடுத்து, தையலுக்குக் கால் அங்குலம் உள்ளே விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டும்போது மேலே இருக்கிற பூவையும் சேர்த்து வெட்டுவது இந்த வேலையில் ஒரு சடங்கு, எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். மழுங்கின முனைக் கத்தரி வைத்துக்கொண்டால் நடக்காது. இதற்குப் பூவைப் பிரிக்கவே வேண்டாம்.

அடித்துணி பழைய சேலை, நைந்த துணி என்றால் மட்டும் வெட்டாதீர்கள். புதுப் பூவின் கனத்துக்குப் பழந்துணி தையல் ஓரத்திலேயே கிழியும்.

நிறம் எல்லாம் நல்ல நிறம்தான், ஆனால் சேர்த்துப் பார்த்தால் கூட்டமாகக் கசகசவென்று இருக்கிறது

இது தையல் கோளாறே இல்லை, ஆனால் அதிகம் கேட்கப்படுவது இதுதான். “அக்கா, எல்லா கலரும் போட்டிருக்கேன், ஒண்ணும் எடுப்பா தெரியலை.” எல்லா கலரும் போட்டதுதான் காரணம்.

கைப்பேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நேரில் அடித்துக்கொள்ளும், ஆனால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கலாம். அப்படி இருந்தால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்குப் பூவும் இலையும் ஒன்றாகக் கலங்கிப் போகும். வெளிச்சமானது, நடுத்தரமானது, கறுத்தது என்று மூன்று படி வேண்டும், நிறம் எதுவாக இருந்தாலும் சரி.

இதற்குச் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்குப் போய்த் தேரில் தொங்குகிற தொம்பைகளை, அந்த உருளை வடிவத் துணித் தொங்கல்களை நிமிர்ந்து பாருங்கள். அதுவும் அப்ளிக்தான். மிஞ்சிப் போனால் ஐந்து நிறம் இருக்கும், ஆனால் தெருக்கோடியில் நிற்கிறவருக்கும் உருவம் தெரிகிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விடுகிற தந்திரம் அது. நம் குவில்ட்டில் அந்தக் கோட்டுக்குச் சங்கிலித் தையல் போதும், அல்லது கால் அங்குலக் கிராஸ் பட்டி.

என் பார்டருக்கு எடுத்துக்கொண்டது தோவாளை மாணிக்க மாலை, 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே மாலை. பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உருண்டை மாலை இல்லை, பூவை மடித்து மடித்துப் பாய் மாதிரித் தட்டையாகக் கட்டுவது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலையின் பச்சை, மூன்றே மூன்று. முதலில் என் அறிவுக்கு எட்டியபடி நடுவில் மஞ்சள், ஊதா, கருநீலம் எல்லாம் சேர்த்துக் கட்டம் போட்டேன். தரையில் அடுக்கி வைத்துவிட்டு சாயா குடிக்கப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் மாலையைக் காணோம், துணிக்கடை விளம்பரம் கிடந்தது. மஞ்சளையும் ஊதாவையும் எடுத்ததும் சிவப்பு தானாக எரிய ஆரம்பித்தது. தைத்துவிட்டீர்கள் என்றால் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள், தொந்தரவு செய்கிற ஒரு நிறத்தை மட்டும் கண்டுபிடித்து அதன் மேலேயே வேறு துண்டு வைத்துத் தைத்துவிடலாம்.

துவைத்ததும் சிவப்பு ஓடி வெள்ளையெல்லாம் ரோஸாகிவிட்டது

காயவிடாதீர்கள். முதல் வேலை அது. வெயிலில் போட்டு, அப்புறம் இஸ்திரியும் போட்டால் அந்தச் சாயம் உட்கார்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே பெரிய அண்டாவில், குவில்ட் மிதக்கிற அளவுக்கு வெந்நீர் விட்டு, துணி துவைக்கிற லிக்விட் தாராளமாகக் கலந்து, முழுக்க அமுக்கி, ஒரு இரவு ஊற விடுங்கள். வாளியில் திணித்து ஊறவைத்தால் ஓடின சாயம் பக்கத்துத் துணியிலேயே திரும்பப் பிடிக்கும், தண்ணீர் நிறைய இருந்தால் தண்ணீரிலேயே நிற்கும். காலையில் தண்ணீர் ரோஸாக இருந்தால் மாற்றி இன்னொரு தடவை. தண்ணீர் தெளிகிற வரைக்கும்.

அக்கா மகளுக்குத் தைத்த முதல் குவில்ட்டில் எனக்கு நடந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அலசிப் பிழியும்போது கையெல்லாம் சிவப்பு. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், சித்தி உப்புப் போடச் சொன்னாள், ஒருத்தர் வினிகர். உப்புப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சாயம் ஏற்றும்போது சாயத் தண்ணீரில் உப்புச் சேர்ப்பது நூலுக்குள் சாயம் இறங்குவதற்காக, கடையிலிருந்து வந்த துணியில் ஓடுகிற மிச்சச் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது, வினிகரும் அப்படித்தான். நெல் அவிக்கிற அண்டாவை இறக்கி வெந்நீர் வைத்தோம். மூன்று தண்ணீர் மாற்றியதில் இரண்டாம் நாள் மத்தியானம் காடா வெள்ளைக்கு வந்தது, ஒரே ஒரு மூலை தவிர, அந்த மூலை அண்டாவுக்கு வெளியே தொங்கிக் காய்ந்திருந்தது.

வாங்கும்போதே சோதித்துவிட்டால் இந்தப் பாடு இல்லை. இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, வெந்நீர் டம்ளரில் ஒரு சொட்டு சோப்போடு அரை மணி நேரம் போடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துண்டை வெள்ளைத் துணியில் வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். தண்ணீர் மாறி வெள்ளைத்துணியில் கறை இல்லை என்றால் இரண்டு மூன்று தடவை துவைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். கறை பிடித்தால் அந்தத் துணி பாவாடைக்குப் போகட்டும். கருஞ்சிவப்பு, கருநீலம் இரண்டையும் சோதிக்காமல் வெட்டவே மாட்டேன்.

கட்டங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, பார்டர் நெளிகிறது

12 அங்குலக் கட்டத்தை 12 அங்குலத்துக்கே வெட்டியிருந்தால் பூ தைத்து முடிக்கும்போது அது பதினொன்றே முக்கால்தான் இருக்கும். பூ நிறைய இருக்கிற கட்டம் அதிகம் சுருங்கும், ஆகவே ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, பூவேலை முடிந்து இஸ்திரி போட்ட பிறகுதான் அளவுக்கு வெட்ட வேண்டும். இப்போதே மாட்டிக்கொண்டீர்கள் என்றால் இருப்பதில் சின்னக் கட்டத்தின் அளவுக்கு எல்லாவற்றையும் வெட்டுங்கள், பூ வெட்டுப்படும் என்றால் கட்டங்களுக்கு நடுவில் பட்டி வைத்துச் சரிக்கட்டுங்கள்.

பார்டர் நெளிந்தால், ஓரத்தை அளந்து பார்டர் வெட்டியிருப்பீர்கள். ஓரம் கை பட்டுப் பட்டு நீண்டிருக்கும். நடுவில் குறுக்கே அளந்து, அந்த அளவுக்குப் பட்டி வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தையுங்கள். இது ஒன்றுக்குப் பிரித்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை.

குவில்ட் பண்ணி முடித்துத் திருப்பினால் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கிறது

கீழே வருகிற துணியைத் தரையில் விரித்து நாலு பக்கமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, விறைப்பாக ஆனால் இழுக்காமல் நிறுத்தியிருக்க வேண்டும். அதன்மேல் பஞ்சு ஷீட், அதன்மேல் மேல்துணி. உள்ளங்கை வைத்தால் எங்கேயாவது ஒரு கச்சாத் தையலாவது விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அவ்வளவு நெருக்கமாகப் பெரிய ஓட்டுத்தையல் போட்டு மூன்றையும் பிடித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் வந்து சேரும், போக இடம் இருக்காது. அடியில் பழைய சாரம் போடுவதில் ஒரு லாபம், நெய்த கட்டம் இருப்பதால் கோணினால் உடனே கண்ணில் படும். ஊசியும் வெண்ணெயாக இறங்கும். புது பெட்ஷீட்டைக் கீழே போட்டுவிட்டு விரல் வலிக்கிறது என்று வருகிறவர்கள் உண்டு, பெட்ஷீட்டின் நெசவு அவ்வளவு நெருக்கம்.

சின்ன மடிப்பு ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். குழந்தை அடியில் பார்த்துக் குறை சொல்லப் போவதில்லை.

துருக்கறை, கரும்புள்ளி, ஓட்டை

குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் இருப்பவர்கள் குண்டூசி குத்தி வைத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று எழுந்து போகாதீர்கள். உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். குத்தின ஊசியை அன்றைக்கே எடுத்துவிட்டுக் கச்சாத் தையல் போட்டு வையுங்கள். துருக்கறை பட்டுவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் காட்டி அலசலாம், ஆனால் நிறத்துணியை இது வெளுக்கும், முதலில் ஒரு வெட்டுத்துண்டில் பாருங்கள். பிளீச்சிங் மட்டும் ஊற்றாதீர்கள், துரு இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும்.

நமக்கு இரண்டு மழைக்காலம். ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. முடித்த குவில்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரியில் வைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் போக வழியில்லாமல் கரும்பூசணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், மழை விட்ட நாளில் எடுத்து உதறி, மடிப்பு மாற்றி மடியுங்கள். அப்புறம், கஞ்சி. வேலைக்கு வசதியாக இருக்கிறது என்று கஞ்சி போட்டோம் இல்லையா, அதை முடித்ததும் நன்றாக அலசி எடுத்துவிடுங்கள், இராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை என்றால் உயிர். நான் அலசாமல் வைத்த ஒன்றில் கஞ்சி தொட்ட வட்டங்களின் ஓரத்தை மட்டும் அரித்திருந்தது.

அந்த ஓட்டைகளையும், அண்டாவுக்கு வெளியே காய்ந்த அந்த ரோஸ் மூலையையும் நான் பிரிக்கவில்லை. மேலே ஆளுக்கொரு நொச்சி இலை வைத்துத் தைத்துவிட்டேன். அக்கா மகளின் குவில்ட்டில் ஒரு பக்கம் எட்டு இலை, மறுபக்கம் பதினொன்று. அக்கா மகள் எண்ணிப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள், காற்றடிக்கிற பக்கம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.